மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: மரத்துப்போகும் ஊசி போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

தறிவீடு
ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றைக்கு எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது.

வயது 40, எடை 78 கிலோ, ஊர் ஈரோட்டுப் பக்கம். போர்வை, துண்டு மொத்த வியாபாரம். காலை ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார்ந்தால் இரவு எட்டு வரை. என் மார்பகம் மிகப் பெரியது. பிரா பட்டி அழுத்தி இரண்டு தோளிலும் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. சித்திரை பிறந்தால் மார்புக்கு அடியில் வியர்வை தேங்கி, தோல் சிவந்து, வெடித்து, படை வந்துவிடும். எங்கள் கடைத் துண்டையே நான்காகக் கிழித்து, மடித்து, உள்ளே வைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்க்கிறேன். கழுத்து வலிக்காக எலும்பு டாக்டர்களிடம் அலைந்தது தனிக்கதை. அதில் ஒருவர்தான் நேராகச் சொன்னார்: "மாத்திரை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை அம்மா, பாரத்தைக் குறைக்க வேண்டும்." சொந்தக்காரர்கள் இதை அழகு ஆபரேஷன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அழகாகவும் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

கோயம்புத்தூரில் இரண்டு இடம் பார்த்தேன். முதலாவது ஒரு அழகியல் கிளினிக். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம், நீங்கள் பேசிக்கொண்டே இருக்கலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்றார்கள். 1 லட்சத்து 10 ஆயிரம். இரண்டாவது ஒரு பெரிய மருத்துவமனை. முழு மயக்கத்தில்தான் செய்வோம், ஒரு இரவு தங்க வேண்டும், 1 லட்சத்து 85 ஆயிரம்.

எனக்குப் பணம் இரண்டாவது விஷயம். முதல் விஷயம் என் பெரியம்மா.

1994. நான் நான்காம் வகுப்பு. பெரியம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன், ஒரு சிறிய நர்சிங் ஹோமில். காலை பத்து மணிக்கு உள்ளே போனார், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் மூச்சு திரும்பவில்லை. அந்தக் கருப்பு ரப்பர் பையை ஒருவர் மாற்றி ஒருவர் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நான் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். பை சுருங்கும் சத்தம், விரியும் சத்தம், அது மட்டும்தான் கேட்டது. மாலை நான்கு மணிக்கு மேல்தான் பெரியம்மாவுக்குத் தானாக மூச்சு வந்தது. பிறகு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கு 71 வயதிலும் நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் சொன்ன ஒன்று எங்கள் குடும்பத்தையே பிடித்துக்கொண்டது: "பாதி நேரம் எனக்கு எல்லாம் கேட்டுச்சு. எங்க அக்கா அழுவுறது கேட்டுச்சு. கண்ணைத் திறக்கணும்னு பாக்குறேன், இமை வரல. விரலை அசைக்கப் பாக்குறேன், விரல் வரல."

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. "நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மயக்க மருந்து ஆகாது." என் இரண்டு பிரசவமும் சிசேரியன், இரண்டுக்கும் முதுகு ஊசிதான், அதனால் தப்பித்தேன் என்று அம்மா இன்னமும் சொல்கிறார்.

அதனால் மனம் கிளினிக் பக்கமே சாய்கிறது. விழித்திருந்தால் விரல் அசையும் அல்லவா? ஆனால் இவ்வளவு பெரிய ஆபரேஷனை ஊசி போட்டு மட்டும் செய்ய முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ராயபுரம்காரி
ஞாயிறு, இரவு 11:25

தங்கச்சி, தோள் பள்ளம் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் என் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு இப்போது பள்ளம் மேடாகிவிட்டது. மூன்று வருடம் முன்பு செய்துகொண்டேன், முழு மயக்கத்தில், அரசு மருத்துவமனையில். 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப் போகிறார்கள் என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, அப்போதுதான் இப்படி ஒரு வைத்தியமே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. காசு இல்லையே என்று யாரும் மனதுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் அன்று காலையில் நிற்க வைத்து, ஊதா நிற மார்க்கரால் மார்பு முழுக்கக் கோடு போட்டார்கள். படுத்தால் எல்லாம் பக்கவாட்டில் சரிந்துவிடும், அதனால் நின்றுதான் போட வேண்டுமாம். அது முக்கால் மணி நேரம். அப்புறம் தியேட்டர். கையில் ஊசி ஏறும்போது சுரீர் என்றது, மேலே இருந்த விளக்கை எண்ண ஆரம்பித்தேன், மூன்றாவது விளக்கு நினைவில்லை. கண் விழித்தபோது மதியம் இரண்டு. வலது பக்கம் 640 கிராம், இடது பக்கம் 580 கிராம் எடுத்தார்கள் என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த வேலைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடு மேலே நகர்த்தி வைத்து, நடுவில் மேசையையே தூக்கி என்னை உட்கார்ந்த வாக்கில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தார்களாம். இதையெல்லாம் விழித்துக்கொண்டு பார்க்க என்னால் முடிந்திருக்காது.

கஷ்டம் என்றால் வாந்திதான். எனக்குப் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும், அதை முன்னாலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு. பெண், சிகரெட் பழக்கம் இல்லை, பயணத்தில் வாந்தி வரும், இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வர வாய்ப்பு அதிகமாம். முன்கூட்டியே சொன்னால் அதற்கு மருந்து கொடுத்து, முகர வைக்கும் மயக்க வாயுவைக் குறைத்து, ஊசி மருந்தாலேயே தூங்க வைப்பார்களாம். நீயும் அப்படி என்றால் சொல்லிவிடு. தொண்டை இரண்டு நாள் கரகரத்தது. வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, உனக்கு 40 ஆகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லவில்லை என்றால் நீயே கேள்.


சேந்தமங்கலம் தம்பி
திங்கள், காலை 6:50

அக்கா, நான் ஆண். எனக்கு ஆண்களுக்கு வரும் மார்பக வீக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சட்டையைக் கழற்றாமல் கிணற்றில் குதித்தவன் நான் ஒருவன்தான். 26 வயதில் மரப்பு ஊசியும் லேசான தூக்க மருந்துமாகச் செய்துகொண்டேன். லோக்கல், அதாவது மரப்பு ஊசி, எப்படி இருக்கும் என்று கேட்டதால் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஊசி எரியும். அதன் பிறகு உப்புத் தண்ணீரில் மருந்தைக் கலந்து நிறைய ஏற்றுகிறார்கள், நெஞ்சு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி விறைக்கும். பிறகு வலி போய்விடும், ஆனால் இழுப்பது, தள்ளுவது, குடைவது எல்லாம் தெரியும். கொழுப்பு உறிஞ்சும் குழாயின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது பக்கம் நன்றாக மரத்தது. இடது பக்கம் காம்புக்கு அடியில் இருந்த கட்டியை வெட்டும்போது சுருக்கென்று பட்டது. "ஸார் வலிக்குது" என்றேன், மறுபடி ஊசி. கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்த மாதிரியும் வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு சுவையும் வந்தது. சொன்னேன். தலைமாட்டில் தனியாக ஒரு மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்து நிமிடம் மானிட்டரையே பார்த்துக்கொண்டு என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சரியானதும்தான் மீண்டும் தொடங்க விட்டார்.

எனக்கு எடுத்தது இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கைப்பிடி. அதற்கே இப்படி. உங்களுக்கு அரைக் கிலோ கணக்கில் எடுக்க வேண்டும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள் அக்கா. இரண்டும் ஒரே ஆபரேஷன் இல்லை. அந்தக் கிளினிக்கில் தலைமாட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டீர்களா?


தறிவீடு
திங்கள், மதியம் 1:15

ராயபுரத்து அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி. கிணற்றுக் கதையைப் படித்து மனம் கனத்துவிட்டது தம்பி.

இப்போதுதான் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். லோக்கல் என்பதால் மயக்க மருந்து டாக்டர் தனியாகத் தேவையில்லை, ஆபரேஷன் செய்பவரே பார்த்துக்கொள்வார், கூட ஒரு நர்ஸ் இருப்பார் என்றார்கள். வேண்டுமானால் "கொஞ்சம் தூக்க மருந்து" கொடுப்பார்களாம்.


பச்சை அங்கி
திங்கள், இரவு 9:30

தறிவீடு அம்மா, நான் 19 வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். உங்களைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் பெரியம்மா கதையைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஒரு மணி நேர ஆபரேஷன், ஐந்து மணி நேரம் மூச்சு வரவில்லை, பிறகு ஒரு குறையும் இல்லாமல் எழுந்தார், நடுவில் காது கேட்டது, உடல் அசையவில்லை. இது மயக்க மருந்து "ஆகாமல்" போனது போலத் தெரியவில்லை. மயக்கம் நேரத்துக்குத் தெளிந்துவிட்டது, அதனால்தான் காது கேட்டது. தெளியாதது தசையைத் தளர்த்தும் மருந்து. முழு மயக்கம் என்று வெளியே ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே போவது பல மருந்து: தூங்க வைக்க ஒன்று, வலிக்கு ஒன்று, தசை தளர ஒன்று. அந்தக் காலத்தில் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்கு எல்லோரும் கொடுத்தது சக்ஸமெத்தோனியம், நாங்கள் ஸ்கோலின் என்போம். அவசரத்துக்கு இன்றும் கொடுக்கிறோம், நல்ல மருந்து. ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது ஸ்கோலினைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது. அவர்களுக்கு ஐந்து நிமிட மருந்து ஐந்து மணி நேரம் நிற்கும். அதை முறிக்கும் மருந்து கிடையாது. மூச்சைக் கொடுத்துக்கொண்டு, நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தானாகத் தெளியும் வரை காத்திருக்க வேண்டும். அன்று அந்தப் பையை விடாமல் அமுக்கியவர்கள் உங்கள் பெரியம்மாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தூக்கம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பயத்தையும் தவிர்த்திருக்கலாம்.

ஒரு விஷயம் கேட்கிறேன், பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்கள் டாக்டரிடம் சொன்னால் போதும். ஆர்ய வைஸ்ய சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக இருப்பது மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது. அதற்கான மரபணு மாற்றத்தை 2006இல் கண்டுபிடித்து எழுதினார்கள், அந்த ஆய்வில் நம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். இது வேறு எந்தக் குடும்பத்திலும் வரலாம். தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் முழுக் குறைபாடு. சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடுகளில் அந்த வாய்ப்பு கூடும்.

கண்டுபிடிப்பது எளிது. சீரம் கோலினெஸ்டரேஸ், ஒரே ரத்தப் பரிசோதனை. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எடுப்பார்களே, அதுவேதான். ஊரில் உள்ள நல்ல லேபில் கிடைக்கும். ஈரல் கோளாறு, கர்ப்பம், பூச்சிமருந்து பட்டது, இவற்றாலும் அளவு குறையும், அதனால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிப் பொருள் கேளுங்கள். குறைவாக இருந்தால் முழு மயக்கமே கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்கோலின் கூடாது, அதே நொதி உடைக்கிற மிவக்யூரியம் கூடாது, அவ்வளவுதான். தசை தளர ரோக்குரோனியம் என்று வேறு மருந்து இருக்கிறது, அதை முறிக்கச் சுகமாடெக்ஸ் என்ற மருந்தும் இருக்கிறது. மணிக்கட்டில் சிறிய மின் அதிர்வு கொடுத்துத் தசை முழுதாகத் திரும்பிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே எழுப்புவோம்.

இனி உங்கள் கேள்வி.

லோக்கல் என்றால் ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மரப்பு மருந்துக்கும் ஒரு அளவு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம், மொத்தத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மருந்துத் தாளில் உள்ள வரம்பு. 2 சதவீத மருந்தில் 30 மில்லி குப்பி ஒன்றிலேயே 600 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது ஒரு குப்பி முழுக்கப் போட்டாலே உங்களுக்கு வரம்பு தாண்டிவிடும். நன்றாக நீர்த்துக் கொழுப்புக்குள் ஏற்றினால் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை தாங்கும் என்று 1990இல் கலிபோர்னியா தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் காட்டினார். அந்தக் கணக்கில் உங்களுக்கு 2,730 மில்லிகிராம் வருகிறது. ஆனால் அது கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குக் கண்ட அளவு. கத்தி வைத்து மூன்று மணி நேரம் செய்யும் குறைப்புக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. இன்னொன்று, அப்படி ஏற்றிய மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது உடனே இல்லை, பன்னிரண்டு மணி நேரம் வாக்கில். நீங்கள் ஆறு மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்பி, சாப்பிட்டுப் படுத்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. தம்பிக்கு வந்ததே, நாக்கு மரத்து, வாயில் இரும்புச் சுவை, அதுதான் மருந்து அளவு மீறுகிறது என்பதற்கு முதல் அறிகுறி. காதில் ரீங்காரமும் வரலாம். அதற்கு அடுத்தது வலிப்பு, அதற்கு அடுத்தது இதயம். தம்பி, நீங்கள் வாய் திறந்து சொன்னதும், அவர் உடனே நிறுத்தியதும் ரொம்பச் சரி. இந்த மாதிரி நேரத்துக்குப் பால் போல வெள்ளையாக ஒரு கொழுப்புத் திரவம் கையிருப்பில் இருக்க வேண்டும், 20 சதவீத லிப்பிட். அந்தக் கிளினிக்கில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி புரியவில்லை என்றால் அங்கே போக வேண்டாம்.

"கொஞ்சம் தூக்க மருந்து" என்கிறார்களே, எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். கொஞ்சம் என்று ஆரம்பிப்பது, நோயாளி வலிக்கிறது என்றதும் இன்னும் கொஞ்சம் ஆகும், பிறகு இன்னும் கொஞ்சம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைபடும். ஆபரேஷன் செய்பவர் கண் காயத்தில் இருக்கும். முகத்தில் ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் நெஞ்சில் ரத்தம் வராமல் சூட்டால் பொசுக்கும் கருவி வைத்தால் தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் எங்கள் கையில் இருக்கும். பாதி மயக்கத்தில் அது யார் கையிலும் இருக்காது, தலைமாட்டில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஒழிய.

லோக்கலுக்கு நான் எதிரி இல்லை. சிறிய கட்டி எடுப்பது, காம்பு திருத்துவது, தழும்பு சரிசெய்வது, தம்பிக்குச் செய்த மாதிரி சிறிய அளவு ஆண் மார்பக வீக்கம், இதற்கெல்லாம் அது நன்றாகப் போதும், நானே சிபாரிசு செய்வேன். தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் என்ற செயற்கைப் பை வைப்பதற்கும் பெரிய குறைப்புக்கும் பொதுவாக முழு மயக்கமே தோது. நெஞ்சுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் விலா எலும்புகளுக்கு நடுவில் இருந்து வரிசையாக வருகின்றன, கழுத்திலிருந்தும் சில இறங்குகின்றன. அத்தனையையும் ஊசியால் ஒரே சீராக மரக்க வைப்பது எளிதில்லை. தம்பிக்கு இடது பக்கம் சுருக்கென்றது அதனால்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது: இரண்டையும் சேர்ப்பது. தூங்க வைத்த பிறகு, அல்ட்ராசவுண்ட் பார்த்து நெஞ்சுத் தசைகளுக்கு நடுவே மரப்பு மருந்து செலுத்துவோம். பெக்ஸ் பிளாக் என்பார்கள், 2011இல் ரஃபேல் பிளாங்கோ என்ற மருத்துவர் எழுதிய முறை. தூக்க மருந்தும் குறையும், விழித்த பிறகு வலியும் குறையும், வலி மருந்தால் வரும் வாந்தியும் குறையும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது மனதுக்கு நெருக்கமானது. முழு மயக்கத்தில் நடந்ததாக நம்பத்தகுந்த பதிவு உள்ள முதல் ஆபரேஷனே ஒரு மார்பக ஆபரேஷன்தான். 1804 அக்டோபர் 13, ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்ற மருத்துவர், 60 வயதுப் பெண்ணின் மார்பில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்தார். கொடுத்த கஷாயத்தில் முக்கியமானது நம் ஊர் வேலியோரம் பூக்கிற ஊமத்தை இனம். அமெரிக்காவின் போஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தை ஊரறியக் காட்டியது அதற்கு 42 வருடம் கழித்து. உங்களைப் போல ஒரு பெண்ணுக்காகத்தான் எங்கள் தொழில் தொடங்கியது.

எங்கே செய்தாலும் சரி, ஊசியோ மயக்கமோ எதுவானாலும் சரி, ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். பெரியம்மாவின் பழைய சீட்டு கிடைத்தால் தேடி எடுங்கள். அதில் மருந்தின் பெயர் இருக்கலாம்.


தறிவீடு
வெள்ளி, இரவு 8:05

டாக்டர், உங்கள் பதிலை அச்செடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். நீங்கள் இங்கே எழுத வேண்டியதில்லை என்றதை நானே எழுதிவிடுகிறேன்: ஆமாம், அந்தச் சமூகம்தான். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன்.

பழைய சீட்டு கிடைக்கவில்லை. நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

ரத்தம் கொடுத்தேன். லேபில் இருந்த பெண் "பூச்சிமருந்து கேஸா?" என்று பயந்து என் முகத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட் இன்று வந்தது. 5320 முதல் 12920 வரை இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. எனக்கு 300ஐக்கூடத் தொடவில்லை. பெரியம்மாவையும் அழைத்துப்போய்க் கொடுக்க வைத்தேன், அவருக்கும் அதே போல.

ரிப்போர்ட்டோடு அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த மயக்க மருந்து டாக்டர் அம்மா, என் கேஸ் சீட்டின் மேலேயே சிவப்பு மையில் "ஸ்கோலின் கூடாது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பெக்ஸ் பிளாக் பற்றிக் கேட்டேன், செய்வோம் என்றார். முழு மயக்கத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் ஒரே வேண்டுதல், விழிக்கும்போது யாராவது என் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று. அவர் சிரிக்கவில்லை. "நானே பிடிக்கிறேன்" என்றார்.

கிளினிக்கில் லிப்பிட் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்றார்கள்.


ராயபுரம்காரி
வெள்ளி, இரவு 8:40

தங்கச்சி, முன்னால் பட்டன் வைத்த நைட்டி இரண்டு தைத்து வைத்துக்கொள். கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. கடைக்கு மூன்று வாரமாவது போகாதே, போர்வைக் கட்டைத் தொடவே தொடாதே.


தறிவீடு
பதினேழு நாள் கழித்து, மாலை 4:20

முடிந்தது. போன வியாழனுக்கு முந்தின வியாழன் காலை எட்டரைக்கு உள்ளே போனேன். வலது 710 கிராம், இடது 760 கிராம். மேமோகிராம் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. எடுத்த சதையையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

விழித்தது பற்றி எழுதியே ஆக வேண்டும். முதலில் சத்தம் கேட்டது, மானிட்டரின் டிங் டிங். உடனே பெஞ்சும் டிபன் கேரியரும் நினைவுக்கு வந்தன. நெஞ்சு படபடத்தது. விரலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. மடங்கிய விரலுக்குள் இன்னொரு விரல் இருந்தது. "இன்னும் அழுத்திப் பிடிங்க" என்றார் டாக்டர் அம்மா. அழுத்தினேன். "போதும், எனக்கு வலிக்குது" என்றார்.

வாந்தி ஒரே ஒரு தடவை. தொண்டைக் கரகரப்பு ஒரு நாள். நெஞ்சு அன்று இரவு முழுக்கக் கனத்த மாதிரிதான் இருந்தது, வலி என்று சொல்ல மாட்டேன், மறுநாள் காலையில்தான் தெரிய ஆரம்பித்தது. ரத்தம் வடியும் குழாய் மறுநாள் எடுத்தார்கள், அது சுரீர் என்றது. ஒரு காம்பில் உணர்ச்சி இன்னும் வரவில்லை, மாதக் கணக்காகலாம், சிலருக்குக் குறைவாகவே நின்றுவிடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். தையல் காய்ந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்திரியை மாற்றும்போது குனிந்து பார்த்தேன், என் வயிறு எனக்குத் தெரிந்தது. எத்தனை வருடம் ஆகிறது.

பெரியம்மா வந்து ஒரு வாரம் கூட இருந்தார். அந்த மருந்தின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். ஸ்கோலின், சக்ஸமெத்தோனியம், மிவக்யூரியம். அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அவருடைய பேரனுக்கு அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷன். வரும் திங்கட்கிழமை அவனுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கப் போகிறார்கள். டாக்டர், பத்து வயதுப் பையனுக்கும் அதே பரிசோதனைதானே? அளவு மாறுமா?


பச்சை அங்கி
அதே நாள், இரவு 10:10

அதே பரிசோதனைதான். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்ய வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் பாட்டியின் கதையையும் உங்கள் ரிப்போர்ட் நகலையும் அவனுடைய மயக்க மருந்து டாக்டர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். டான்சில் அவசர ஆபரேஷன் இல்லை, ரிப்போர்ட் வரும் வரை தேதியைத் தள்ளி வைத்தாலும் குற்றமில்லை. உங்கள் அம்மாவுக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் எடுத்துவிடுங்கள்.

காயம் சிவந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ நாள் பார்க்காமல் போங்கள். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருங்கள்.